பழைய அமெரிக்கக் கடிதங்களைப் படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: ஒரு புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே போங்க

அமெரிக்காவை உருவாக்கின காலத்து ஃபிராங்க்ளின், ஜெஃபர்சன், ஆடம்ஸ் தம்பதி இவங்க கடிதங்களையெல்லாம் படிக்கணும்னு ஆசையா ஆரம்பிச்சு பாதியில விடுறவங்க நிறைய பேரு. எல்லாரும் சொல்ற அந்த நாலு பிரபலமான கடிதத்தைத் தேடிப் படிப்பாங்க, சுதந்திரம் ஜனநாயகம்னு ரெண்டு வரி கிடைக்கும், அடுத்த கடிதத்தைத் திறந்தா யாரோ ஒரு கேப்டன், ஏதோ ஒரு பெட்டி, மூணு பவுண்டு சொச்சம் பாக்கின்னு ஓடும், தலையும் புரியாது வாலும் புரியாது, மூடிட்டுப் போயிடுவாங்க.

என்னைக் கேட்டா அந்தப் பெட்டியும் பாக்கியும்தான் உள்ள போற வாசல். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல எழுதின கடிதங்கள்ல பெரும்பகுதி காரியக் கடிதம்தான், யாரோ யார்கிட்டயோ எதையோ அனுப்பச் சொல்றாங்க, வந்துச்சா வரலையான்னு கேக்குறாங்க, நடுவுல பொண்டாட்டி பிள்ளை உடம்பு, ஊர் வம்பு. அதனால ஒரு ஆளைப் பிடிக்காதீங்க, ஒரு புத்தகத்தைப் பிடிங்க. அதை யார் கேட்டா, யார் வாங்கினா, எந்தக் கப்பல்ல வந்துச்சு, காசு யார் கொடுத்தா, படிச்சிட்டு என்ன சொன்னாங்கன்னு அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போனா மனுஷங்க தானா தெரிய ஆரம்பிப்பாங்க. இங்க சொல்லப் போறது அதுக்கான வழிதான்.

முதல்ல எங்க படிக்கிறது

"ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்"னு கூகுள்ல தேடுங்க. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013ல திறந்த தளம், முழுக்க இலவசம், லாகின்கூட வேணாம். வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே ஆகிய ஏழு பேரோட தாள்கள் இருக்கு, ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆவணத்துக்கு மேல. அவங்க எழுதினது மட்டும் இல்ல, அவங்களுக்கு வந்த கடிதமும் இருக்குங்கறதுதான் இதோட பெரிய பலம், ஏன்னா ரெண்டு பக்கமும் படிக்கலைன்னா கடிதத்துல பாதி விஷயம் போச்சு.

எழுதினவர், பெறுபவர், தேதின்னு தனித்தனியா வடிகட்டிப் பாக்கலாம். ரெண்டு பேர் பேரையும் போட்டு தேதி வரிசையில அடுக்கிட்டு படிங்க. சில பக்கத்துல "எர்லி ஆக்சஸ்"னு போட்டிருக்கும், அதுக்கு அர்த்தம் கையெழுத்தைத் தட்டச்சு பண்ணிட்டாங்க, சரிபாத்து அடிக்குறிப்பு போடற வேலை இன்னும் முடியலன்னு. புதுசா வர்றவங்க அடிக்குறிப்பு உள்ள கடிதமா பாத்து எடுத்துக்கிட்டா நல்லது, பாதி உதவி அங்கதான் இருக்கு.

ஆடம்ஸ் குடும்பத்துக்கு இன்னொரு இடமும் இருக்கு, பாஸ்டன்ல 1791ல ஆரம்பிச்ச மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தோட தளம். ஜானும் மனைவி அபிகேலும் 1762லருந்து 1801 வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் எழுதின 1,100க்கும் மேற்பட்ட கடிதங்களை கையெழுத்துப் படமும் தட்டச்சுமா போட்டு வச்சிருக்காங்க. கையெழுத்து படிச்சுப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஃபிலிஸ் வீட்லி கடிதங்களும் இந்தச் சங்கத்துகிட்டதான் இருக்கு, அவங்ககிட்ட பின்னாடி வர்றேன்.

பதிப்பு வியாபாரம்தான் உங்க ஆர்வம்னா வொர்செஸ்டர் ஊர்ல இருக்கற அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி, ஐசையா தாமஸ்ங்கற பிரிண்டரே 1812ல ஆரம்பிச்சது. அந்தக் காலத்துப் பெரிய பதிப்பாளர் மேத்யூ கேரியோட கணக்கு வழக்கு அங்க இருக்கு, அவரோட கடிதப் பிரதிகள் ஃபிலடெல்ஃபியாவுல பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்துல. ஆனா இது ரெண்டாவது கட்டம், முதல் நாளே அங்க போகாதீங்க.

முதல் பயிற்சி: மூணே மூணு கடிதம்

மேடிசன் ஜெஃபர்சனுக்கு 1785 ஏப்ரல் 27ல எழுதினது. ஜெஃபர்சன் பாரிஸ்லருந்து மேடிசனுக்கு 1785 செப்டம்பர் 1ல எழுதினது. மேடிசன் திரும்ப 1786 மார்ச் 18ல எழுதினது. இந்த மூணையும் இதே வரிசையில படிங்க.

முதல் கடிதத்துல மேடிசன் தனக்கு என்ன மாதிரி புத்தகம் வேணும்னு சொல்றாரு, பழைய காலத்துலயும் இப்பவும் இருந்த கூட்டாட்சிகளைப் பத்தி, நாடுகளுக்கு இடையில உள்ள சட்டத்தைப் பத்தி, புது உலகத்தோட இயற்கை, அரசியல் வரலாறு பத்தி. ரெண்டாவதுல ஜெஃபர்சன் வாங்கிட்டேன்னு சொல்லி லிஸ்ட்டும் விலையும் போட்டு அனுப்புறாரு, கடைக்காரன் பில்லு மாதிரியே இருக்கும், தாண்டிப் போயிடாதீங்க, ஒவ்வொரு வரியா பாருங்க. மூணாவதுல சரக்கு வந்து சேந்துடுச்சு, வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன், ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்னு மேடிசன் எழுதுறாரு. கேட்டதுக்கும் வந்து சேந்துச்சுன்னு சொன்னதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட பதினோரு மாசம்.

அதே 1786ல மேடிசன் அந்தப் புத்தகங்களை வச்சு பழைய கூட்டாட்சிகள் ஏன் நொறுங்கிச்சுன்னு குறிப்பெடுக்குறாரு, அடுத்த வருஷம் ஃபிலடெல்ஃபியாவுல அரசியலமைப்பு மாநாடு. பள்ளிக்கூடப் பாடத்துல மாநாட்டுலருந்துதான் ஆரம்பிப்பாங்க, நீங்க பில்லுலருந்து ஆரம்பிச்சிருக்கீங்க.

தேதியைப் பாத்து ஏமாறாதீங்க

1752க்கு முந்தின கடிதம்னா ஜாக்கிரதை. பிரிட்டனும் அதோட காலனிகளும் அதுவரைக்கும் பழைய நாட்காட்டிதான், புது வருஷம் மார்ச் 25லதான் பொறக்கும். அதனால ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முக்கால்வாசி வரைக்கும் 1731/2ன்னு ரெண்டு வருஷத்தையும் போட்டு எழுதுவாங்க. வாஷிங்டன் பொறந்த தேதி அவங்க குடும்ப பைபிள்ல 1731/2 பிப்ரவரி 11ன்னுதான் இருக்கு, நாம சொல்றது 1732 பிப்ரவரி 22. 1752 செப்டம்பர்ல 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14.

குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவப் பிரிவினர் மாசப் பேரே எழுத மாட்டாங்க, சாமி பேரெல்லாம் கலந்திருக்குன்னு. முதல் மாசம் ரெண்டாம் மாசம்னுதான். 1752க்கு முன்னாடி அவங்க முதல் மாசம்னு எழுதினா அது மார்ச். இது தெரியாம ரெண்டு மாசம் தள்ளிக் கணக்குப் போட்டா பதில் கடிதம் கேள்விக்கு முன்னாடியே வந்த மாதிரி குழம்பும். அப்புறம் "7பெர்", "8பெர்"னு இருந்தா செப்டம்பர், அக்டோபர், ஜூலை ஆகஸ்ட்னு நினைச்சுடாதீங்க. கடிதத்துக்குள்ள "12ஆம் தேதி இன்ஸ்டன்ட்"னு வந்தா இந்த மாசம், "அல்டிமோ"ன்னு வந்தா போன மாசம்.

இன்னொரு விஷயம், தேதி எழுதின நாளைத்தான் சொல்லும், வந்து சேந்த நாளை இல்ல. ஜெஃபர்சன் கடிதங்கள்ல அடிக்குறிப்பைப் பாருங்க, எந்த நாள் கைக்குக் கிடைச்சதுன்னு பெரும்பாலும் இருக்கும், ஏன்னா மனுஷன் 1783லருந்து சாகுற வரைக்கும் வந்த கடிதம் போன கடிதம் எல்லாத்துக்கும் ஒரு பதிவேடு வச்சிருந்தாரு. அந்தப் பதிவேட்டுல இருக்கு ஆனா கடிதமே இப்ப இல்லங்கற கேஸும் நிறைய, எடிட்டர் அடிக்குறிப்புல சொல்லியிருப்பாங்க.

தாள், தபால், காசு

உறை கிடையாது. எழுதின தாளையே மடிச்சு, அரக்கு வச்சு ஒட்டி, வெளிப்பக்கம் விலாசம் எழுதுவாங்க. காரணம் கஞ்சத்தனம்னு சொல்ல முடியாது, தபால் கட்டணமே தாள் எண்ணிக்கைக்குத்தான், உறை போட்டா அதையும் ஒரு தாளா எண்ணிடுவாங்க. 1792 தபால் சட்டப்படி ஒத்தைத் தாள் கடிதத்துக்கு 30 மைலுக்குள்ள 6 சென்ட், 450 மைல் தாண்டினா 25 சென்ட், ரெண்டு தாள்னா ரெண்டு மடங்கு. செய்தித்தாளுக்கு மட்டும் 100 மைல் வரைக்கும் 1 சென்ட், அதைத் தாண்டினா ஒன்றரை. பேப்பர் ஊரெல்லாம் போகட்டும், கடிதம் எழுதுறவன் அதுக்கும் சேத்து கொடுக்கட்டும்ங்கற கணக்கு. அதுவும் பெரும்பாலும் காசு கொடுக்கறது வாங்கறவங்க. "இந்தக் குப்பைக்கு நீங்க காசு கொடுக்க வேண்டியதாச்சே"ங்கற தொனியில மன்னிப்பு கேட்டு எழுதியிருந்தா அது வெறும் பணிவுன்னு நினைக்காதீங்க.

காசு கொடுக்காம அனுப்பறவங்களும் இருந்தாங்க. தபால் அதிகாரிகள், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்கள், பதவியை விட்ட ஜனாதிபதிகள் கையெழுத்துப் போட்டாலே இலவசம். ஃபிராங்க்ளின் 1753லருந்து காலனிகளோட தபால் தலைமைப் பொறுப்புல ரெண்டு பேர்ல ஒருத்தர், 1774ல பிரிட்டிஷ்காரங்க வேலையை விட்டுத் தூக்கினாங்க, 1775 ஜூலையில காங்கிரஸ் அதே வேலையை அவருக்கே கொடுத்துச்சு. வயசான காலத்துல ஆடம்ஸும் ஜெஃபர்சனும் அவ்வளவு தாராளமா எழுதிக்கிட்டதுக்கு இந்த இலவச சலுகையும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

புத்தகம் வேற கதை. தபால் அதை முறையா ஏத்துக்கிட்டது 1851லதான். அதுவரைக்கும் பெரும்பாலும் கப்பல், வண்டி, இல்ல அந்தப் பக்கம் போற தெரிஞ்சவங்க. கடிதத்துல "கேப்டன் இன்னார் மூலமா", "இன்னார் தயவில"ன்னு வர்ற பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, நாலு கடிதம் தாண்டி "பெட்டி நனைஞ்சு போச்சு"ன்னு வரும்போது தேவைப்படும்.

தெரிஞ்சவங்க கையில கொடுத்தாலும் பத்திரம்னு சொல்ல முடியாது. 1775 ஜூலையில ஜான் ஆடம்ஸ் ஃபிலடெல்ஃபியாவுலருந்து மனைவிக்கு ஒண்ணும் நண்பர் ஜேம்ஸ் வாரனுக்கு ஒண்ணும் எழுதி, ஊருக்குப் போற ஒரு இளம் வக்கீல்கிட்ட கொடுத்து விட்டாரு. பிரிட்டிஷ்காரங்க அந்தப் பையனைப் பிடிச்சாங்க, அடுத்த மாசம் கடிதம் பாஸ்டன் பத்திரிகையில அச்சாயிடுச்சு. அதுல, காங்கிரஸ்ல தன்னோட இருந்த ஜான் டிக்கின்சனை அற்பப் புத்திக்காரன்ங்கற மாதிரி திட்டியிருந்தாரு, அப்புறம் டிக்கின்சன் தெருவுல பாத்தாக்கூட முகம் திருப்பிட்டுப் போனாரு. சுதந்திரப் போர்க்கால கடிதங்கள்ல பேருக்குப் பதிலா முதல் எழுத்தும் கோடும், கையெழுத்தே இல்லாம முடியறதும், அபிகேல் "போர்ஷியா"ன்னு புனைபேர் போடறதும் வரும். போர்ஷியா வெறும் ஆசைக்கு வச்ச பேரு, ஆனா மத்தது பெரும்பாலும் இந்தப் பயம்.

பணத்துக்கு வாங்க. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, இதுவரைக்கும் ஈஸி. ஆனா பவுண்டுன்னா யார் பவுண்டு? ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர் ஒண்ணு லண்டன் ஸ்டெர்லிங்ல 4 ஷில்லிங் 6 பென்ஸ், மாசசூசெட்ஸ், வர்ஜீனியா கணக்குல 6 ஷில்லிங், பென்சில்வேனியாவுல 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்ல 8 ஷில்லிங். "ஸ்டெர்லிங்"னு போட்டிருக்கா, "கரன்சி"ன்னு (உள்ளூர் கணக்கு) போட்டிருக்கான்னு பாக்காம விலையை ஒப்பிடாதீங்க. 1792ல டாலர் சட்டப்படி நாணயம் ஆன பிறகும் ஆளுங்க ஷில்லிங்லதான் பேசிக்கிட்டிருந்தாங்க.

புத்தக சைஸ் சுருக்கமா: ஃபோலியோ பெரிசு, குவார்ட்டோ அதுல பாதி, ஆக்டேவோ கையில பிடிக்கிற மாதிரி, டியோடெசிமோ பாக்கெட்டுக்கு. அச்சடிச்ச தாளாவே விப்பாங்க, தையல் மட்டும் போட்டு விப்பாங்க, அட்டை வச்சு விப்பாங்க, தோல் பைண்டிங்னா தனி விலை.

இப்ப பதிப்பு: ஃபிலிஸ் வீட்லி

மேல சொன்ன அத்தனையும் ஒரே கடிதத்துல பாக்கணும்னா 1773 அக்டோபர் 18, ஃபிலிஸ் வீட்லி நியூ ஹேவன்ல இருந்த டேவிட் வூஸ்டருக்கு எழுதினது. ஆப்பிரிக்காவுலருந்து பிடிச்சுட்டு வந்து 1761ல பாஸ்டன்ல வித்த குழந்தை, ஏழு எட்டு வயசு இருக்கும். பன்னெண்டு வருஷத்துல லண்டன்ல கவிதைப் புத்தகம் வெளிவருது. பாஸ்டன்ல 1772லயே முன்பதிவுக்கு விளம்பரம் கொடுத்துப் பாத்தாங்க, போதுமான ஆள் சேரல, அதனாலதான் லண்டன்.

அந்தக் கடிதத்துல அவங்க எழுதறதைப் பாருங்க. எஜமானர் எனக்கு விடுதலை கொடுத்துட்டாரு, இனி என் சொந்தக் கால்லதான் நிக்கணும், விக்கிற புத்தகத்துல பாதி எனக்கு, அதனால தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி ஆள் சேத்துக் கொடுங்க. விலை பைண்டு பண்ணினது 2 ஷில்லிங் 6 பென்ஸ், தையல் போட்டது 2 ஷில்லிங் ஸ்டெர்லிங். நியூ ஹேவன் பிரிண்டருங்க அதை மறுபதிப்பு போட்டுடாம பாத்துக்கங்க, போட்டா எனக்கு பெரிய நஷ்டம், அப்படியும் எவனாவது போட்டா அசல் எதுன்னு கண்டுபிடிக்க என் கையெழுத்து இருக்கற பிரதியைப் பாருங்கன்னு முடிக்கறாங்க.

ஒரு இருபது வயசுப் பொண்ணு, சில வாரம் முன்னாடி வரைக்கும் சட்டப்படி இன்னொருத்தர் சொத்து, இப்ப ராயல்டி, விலை, திருட்டுப் பதிப்புன்னு இவ்வளவு தெளிவா பேசறாங்க. காலனிகள்ல காப்புரிமைச் சட்டம்னு பேருக்குக்கூட அவங்களைக் காப்பாத்த ஒண்ணும் இல்ல. 1790ல நாடு முழுக்க சட்டம் வந்துச்சு, 14 வருஷம், எழுதினவர் உயிரோட இருந்தா இன்னொரு 14, அதுவும் அமெரிக்கால இருக்கறவங்களுக்கு மட்டும். வீட்லி 1784லயே இறந்துட்டாங்க.

இதை முடிச்சதும் நியூபோர்ட்ல இருந்த ஓபர் டானருக்கு அவங்க எழுதின கடிதங்களுக்குப் போங்க. டானரும் அடிமையா இருந்தவங்க, நெருங்கின தோழி, புத்தகத்தை அங்க வித்துக் கொடுத்தவங்களும் அவங்கதான். 1774 மே 6ல எழுதினதுல 5 புத்தகத்துக்குப் பணம் வந்துச்சுன்னு இருக்கும், அதுக்கு முந்தின கடிதத்துல எஜமானியம்மா இறந்த துக்கம் இருக்கும். அவங்க கவிதையை ஜெஃபர்சன் தன்னோட வர்ஜீனியா புத்தகத்துல விமர்சனத்துக்குக்கூட தகுதியில்லைன்னு ஒதுக்கினாரு, வாஷிங்டன் 1776 பிப்ரவரி 28ல மரியாதையா நன்றி சொல்லி எழுதினாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, யார் எப்படின்னு நானே சொல்லத் தேவையில்ல.

வியாபாரியும் ஏஜென்ட்டும்

இது எனக்குப் பிடிச்ச ஜோடி. மேத்யூ கேரி டப்ளின்ல பொறந்தவர், அங்க அரசாங்கத்தோட தகராறு, 1784ல ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடி வந்தாரு, பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் 400 டாலர் கொடுத்து பத்திரிகை ஆரம்பிக்க வச்சாரு. பின்னாடி நாட்டுலயே பெரிய பதிப்பாளர்கள்ல ஒருத்தர். அவர்கிட்ட புத்தகம் வாங்கி தெற்கு மாநிலங்கள்ல வண்டி கட்டிக்கிட்டு ஊர் ஊரா வித்தவர் பாதிரியார் மேசன் லாக் வீம்ஸ். 1825ல சாகுற வரைக்கும் அந்த வேலைதான், நடுநடுவுல பிரசங்கம், கொஞ்சம் பிடில் வாசிப்பு.

இவங்க ரெண்டு பேர் கடிதமும் தீராத சண்டை. நான் கேட்டது எளிமையான, கலரான, சீக்கிரம் விக்கிற புத்தகம், நீங்க அனுப்பறது எவனும் தொடாத கனமான இறையியல்னு வீம்ஸ் கத்துவாரு, கணக்கு எங்க பணம் எங்கன்னு கேரி கேப்பாரு. வாஷிங்டன் 1799 டிசம்பர் 14ல இறந்தாரு, ஒரு மாசம்கூட ஆகல, 1800 ஜனவரியில வீம்ஸ் எழுதறாரு: காதுல ஒரு ரகசியம் சொல்றேன், வாஷிங்டன் போயிட்டாரு, லட்சக்கணக்கானவங்க அவரைப் பத்திப் படிக்க வாயைப் பொளந்துக்கிட்டு இருக்காங்க, நான் எழுதறேன்னு. அந்தப் புத்தகத்தோட 1806 பதிப்புலதான் செர்ரி மரத்தை வெட்டின கதை முதல்ல வருது, நம்ம ஊர் பாடப்புத்தகம் வரைக்கும் வந்த அதே கதை. அப்புறம் காப்புரிமையை கேரிக்கே 1,000 டாலருக்கு வித்துட்டு, புத்தகம் ஓடறதைப் பாத்து திருப்பிக் கேட்டுக் கெஞ்சினாரு, கேரி அசையல.

இதைப் படிக்கும்போது இன்னொரு புத்தகத்தையும் பக்கத்துல வச்சுக்கங்க: அதே நேரத்துல உச்ச நீதிமன்ற தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும் வாஷிங்டன் வரலாறு எழுதினாரு, 1804லருந்து 1807 வரைக்கும் அஞ்சு தொகுதி, ஒரு தொகுதி 3 டாலர்னு முன்பதிவு. வீம்ஸ் அதுக்கும் ஆள் பிடிச்சாரு. ஆனா முதல் தொகுதி முழுக்க காலனிகளோட கதை, வாஷிங்டன் ரெண்டாவது தொகுதியிலதான் பொறக்கறாரு. காசு கட்டின வாசகன் முகத்தை நேர்ல பாத்தவர் வீம்ஸ்தான், மார்ஷல் பாக்கல.

கேரியோட இன்னொரு கடிதமும் முக்கியம், 1812ல நாவலாசிரியை சூசன்னா ரோசனுக்கு எழுதினது. "ஷார்லட் டெம்பிள்" நாவலை அமெரிக்காவுல 1794ல போட்டது கேரி, 50,000 பிரதிக்கு மேல வித்துடுச்சுன்னு அவரே எழுதறாரு. பதிப்பாளரே எழுத்தாளர்கிட்ட விற்பனை எண்ணிக்கையை இவ்வளவு பெரிசா ஒத்துக்கறது எந்தக் காலத்துலயும் அபூர்வம்தானே.

புத்தகப் பேச்சுக்குள்ள சொந்தக் கதை

புத்தகம் பத்தின கடிதத்தோட கடைசிப் பத்தியைத் தவறவிடாதீங்க. 1771ல ராபர்ட் ஸ்கிப்வித் ஜெஃபர்சன்கிட்ட வீட்டு லைப்ரரிக்கு ஒரு லிஸ்ட் கேட்டாரு, பட்ஜெட் 25, போனா 30 பவுண்டு. ஆகஸ்ட் 3ல ஜெஃபர்சன் போட்டு அனுப்பின லிஸ்ட்டோட மதிப்பு 107 பவுண்டு 10 ஷில்லிங். நாவல் படிச்சா என்ன தப்புன்னு பக்கம் பக்கமா வாதாடிட்டு, கடைசியில பேர் சொல்லாம ஒரு பொண்ணைப் பத்தி, என் எதிர்காலக் கனவு எல்லாத்துலயும் முன்னாடி நிக்கறது அவங்கதான்னு உருகறாரு. மார்த்தாவைத்தான். அஞ்சு மாசத்துல, 1772 ஜனவரி 1ல கல்யாணம்.

1770 பிப்ரவரியில அவர் வீடு எரிஞ்சு, 200 பவுண்டு மதிப்புள்ள புத்தகம் போச்சு. போனது பணமா இருந்திருக்கக் கூடாதான்னு நண்பர் ஜான் பேஜுக்கு எழுதினாரு. அதே ஆள் 1815ல 6,487 தொகுதியை 23,950 டாலருக்கு காங்கிரஸுக்கு வித்தாரு, பிரிட்டிஷ்காரங்க வாஷிங்டன் நகரத்துல லைப்ரரியைக் கொளுத்தினதுக்கு ஈடா. கடன் வேற கழுத்துல. விக்கிற பேச்சு, ஆடம்ஸோட வாழ்த்து, வித்த கொஞ்ச நாள்லயே "புத்தகம் இல்லாம என்னால வாழ முடியாது"ன்னு 1815 ஜூன் 10ல ஆடம்ஸுக்கு எழுதினதுன்னு வரிசையா எடுத்துப் படிச்சா ஒரு சின்ன நாவலே இருக்கு.

ஆடம்ஸும் ஜெஃபர்சனும் பேசாம இருந்து திரும்பச் சேந்தப்பவும் நடுவுல ஒரு புத்தகம்தான். ரெண்டு பேருக்கும் நண்பரான டாக்டர் பெஞ்சமின் ரஷ் ரெண்டு பக்கமும் தூது போய் சரி பண்ணி வச்சாரு. 1812 ஜனவரி 1ல ஆடம்ஸ், எங்க பக்கம் வீட்டுல நூத்து நெஞ்ச ரெண்டு துண்டு அனுப்பறேன்னு எழுதினாரு. கடிதம் முதல்ல வந்துச்சு, பார்சல் பின்னாடி. ஜெஃபர்சன் நிஜமாவே துணின்னு நம்பி, ஜனவரி 21ல வர்ஜீனியாவுல வீட்டுக்கு வீடு தறி ஓடற கதையெல்லாம் அக்கறையா எழுதி அனுப்பிட்டாரு. பார்சலைப் பிரிச்சா ஆடம்ஸ் மகன் ஜான் க்வின்சி எழுதின சொற்பொழிவுப் புத்தகம், ரெண்டு தொகுதி. தபால்ல ரெண்டும் ஒண்ணா வந்திருந்தா இந்தக் கூத்து இல்ல.

புத்தகத்தால கெட்ட நட்பும் உண்டு. மேல சொன்ன ஜேம்ஸ் வாரனோட மனைவி மெர்சி ஓட்டிஸ் வாரன் 1805ல அமெரிக்கப் புரட்சியோட வரலாறு மூணு தொகுதி போட்டாங்க, தன்னைப் பேராசைக்காரன்னு எழுதிட்டாங்கன்னு ஆடம்ஸுக்கு ஆத்திரம், 1807 கோடையில கடிதம் மேல கடிதம் எழுதித் தாக்கினாரு, அந்தம்மாவும் விடல. 1812ல ரெண்டு பேருக்கும் நண்பரான எல்பிரிட்ஜ் ஜெரி சமாதானம் பண்ணி வச்சாரு. எனக்கு இதுல வாரன் பக்கம்தான் நியாயம் தெரியுது, நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க.

இருக்கறது எந்தப் பிரதி, இல்லாதது எது

அடிக்குறிப்புல "ஆர்சி"ன்னு இருந்தா பெறுபவர் கைக்குப் போன பிரதி. "டிராஃப்ட்"னா வரைவு. ஜெஃபர்சன் கடிதங்கள்ல பிரஸ் காப்பி, பாலிகிராஃப் காப்பின்னு வரும், 1785லருந்து ஈரத்தாள்ல அமுக்கிப் பிரதி எடுக்கற மெஷின், 1804லருந்து ரெண்டு பேனா ஒரே நேரத்துல எழுதற கருவி. வியாபாரிங்க போற கடிதத்தை ஒரு தடி நோட்டுல காப்பி எழுதி வச்சிருப்பாங்க, அதனால அவங்க கடிதம் அவங்க வீட்டுலயே கிடைக்குது.

வரைவு மட்டும் இருந்தா உடனே நம்பாதீங்க. லண்டன் பிரிண்டர் வில்லியம் ஸ்ட்ரேஹன் ஃபிராங்க்ளினுக்கு முப்பது வருஷ நண்பர், புத்தகம் அனுப்பினவர், ஃபிராங்க்ளினோட அச்சுத் தொழிலுக்குப் பின்னாடி கூட்டாளியான டேவிட் ஹாலை அனுப்பி வச்சவர், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசற அளவுக்கு நெருக்கம். 1775 ஜூலை 5ல ஃபிராங்க்ளின் "இனி நீ என் எதிரி, நான் உன் எதிரி"ன்னு எழுதின கடிதம் உலகப் பிரசித்தம். அதை அவர் அனுப்பவே இல்ல.

இல்லாததையும் கணக்குல வைங்க. மார்த்தா வாஷிங்டன் கணவரோட கடிதங்களை எரிச்சுட்டாங்க, தப்பினது விரல்விட்டு எண்ணற அளவுதான். ஜெஃபர்சனும் மனைவி கடிதங்களை எரிச்சுட்டாரு.

கையெழுத்து படிக்க

தட்டச்சுல நாலு புத்தகத்தோட கதையைப் பிடிச்சு முடிச்சப்புறம் படத்துக்கு வாங்க. சொல்லுக்கு நடுவுல எஃப் மாதிரி தெரியறது பெரும்பாலும் நீள எஸ். சொல்லோட கடைசி எழுத்துக்கள் மேல சின்னதா ஏறி உக்காந்திருந்தா நடுவுல எழுத்து விட்டிருக்காங்க. கடிதத்தோட முடிவுலருந்து ஆரம்பிங்க, "தங்கள் பணிவான கீழ்ப்படிந்த ஊழியன்"ங்கற அந்த வரி எல்லாரும் எழுதறது, உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச சொல்லு, அதை வச்சு அந்த ஆளோட பி, எஸ், டி எப்படி இருக்கும்னு பிடிச்சுக்கிட்டு மேல ஏறுங்க. ஓரளவு கை வந்ததும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தோட "பை தி பீப்பிள்" திட்டத்துல சேரலாம், 2018லருந்து நடக்குது, பழைய கையெழுத்தைத் தட்டச்சு பண்ணிக் கொடுக்கற வேலை, எந்த நாட்டுலருந்தும் செய்யலாம்.

நம்ம பக்கத்துக்காரங்களுக்குன்னு ரெண்டு கடிதக் கதை தனியா இருக்கு, ரெண்டுலயும் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர் வர்றாரு. 1718 ஜனவரியில எலைஹு யேலுக்கு எழுதி கனெக்டிகட் கல்லூரிக்கு உதவி கேட்டவர் அவர், யேல் 1687லருந்து 1692 வரைக்கும் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னர். வந்தது 9 பொதி சரக்கு, 417 புத்தகம், ராஜா படம் ஒண்ணு. பொதியை வித்ததுல சுமார் 562 பவுண்டு, கல்லூரிக்கு அவர் பேரு. அதே மேதர் தரங்கம்பாடியில தமிழ் அச்சு போட்ட சீகன்பால்குக்கும் கடிதம் எழுதினாரு. கடிதம் 1717 கடைசியில எழுதினது, சீகன்பால்கு 1719 பிப்ரவரியில இறந்துட்டாரு, பதில் போட்டது கூட இருந்த க்ரூண்ட்லர், அவரும் 1720ல போயிட்டாரு. 1721ல மேதர் இதையெல்லாம் "இந்தியா கிறிஸ்தியானா"ன்னு பாஸ்டன்ல அச்சடிச்சாரு.

இன்னிக்கே உக்காரணும்னா ஃபிராங்க்ளின் தன்னோட இங்கிலாந்து நண்பர் ரிச்சர்ட் பிரைஸுக்கு 1785 மார்ச் 18ல எழுதினதைத் தேடுங்க. மாசசூசெட்ஸ்ல ஒரு ஊரு ஃபிராங்க்ளினோட பேரை வச்சுக்கிட்டு சர்ச்சுக்கு மணி வாங்கித் தரச் சொல்லுது, சத்தத்தைவிட அறிவு மேலுன்னு சொல்லி மணிக்குப் பதிலா 25 பவுண்டுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துத் தாங்கன்னு கேக்கறாரு. பிரைஸோட பதிலைக் கண்டுபிடிங்க, லிஸ்ட்ல என்னென்ன இருக்குன்னு பாருங்க, அந்த நூலகம் இன்னும் அந்த ஊர்ல இருக்கு.